பத்துக்கு நாலு நானா

பெருநாள் தலைப்பிறை பார்க்க ஊரே கடற்கரையில் திரண்டு வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டோரத்து விளம்பரப் பலகையைப் பார்க்கக்கூடிய மனிதர் இந்தக் கிழக்குக் கரை முழுவதிலும் ஒருவர்தான் இருக்கிறார். கண்ணால் கண்டவன் சொல்கிறேன்.

"பிறை தெரியுதா நானா?" என்று கேட்டேன்.

"பிறை அல்லாட வேல. அது சரியாத்தான் வரும். அந்த ஐஸ்கிறீம் கடைக்காரன்ட வெளம்பர போட்டப் பாருங்க தம்பி, ரெண்டடி ரோட்டுக்குள்ள வந்திரிக்கி!"

எங்கள் ஊர் கல்முனைக்குத் தெற்கே இருக்கிறது. பெயரைச் சொன்னால் பிரதேச சபைக்காரர்கள் என்னோடு கோபித்துக்கொள்வார்கள், விட்டுவிடுகிறேன். அந்தச் சபையில் வருமானப் பரிசோதகராக இருந்தவர் அவர். கடைப் பெயர்ப்பலகைகளும் ரோட்டு விளம்பரங்களும் அவர் பொறுப்பு. கடை முகப்பில் பத்து அடி நீளம், நாலு அடி உயரம் வரை வைக்கலாம். அதற்கு மேல் ஒரு விரல் நீண்டாலும் தனி விண்ணப்பம். இந்த வசனத்தை அவர் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஊர் அவருக்குப் 'பத்துக்கு நாலு' என்றே பெயர் வைத்துவிட்டது. மரியாதைக்கு, அண்ணனை நாங்கள் அழைக்கும் 'நானா'வைச் சேர்த்துக்கொண்டோம்.

அவருடைய மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் ஓர் அலுமினிய ஏணி கட்டியிருக்கும். முன்னாலும் பின்னாலும் அது நீட்டிக்கொண்டிருப்பதால், சந்தைப் பக்கம் அவர் வந்தால் மீன் வியாபாரிகள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குவார்கள். ஒருநாள் ஒரு மீன்காரர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "ஊரார்ட போட்டெல்லாம் அளக்கிறீங்க, உங்கட ஏணி எத்தின அடி ரோட்டுக்குள்ள நீட்டிட்டு இரிக்கி?" நானா அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தி ஏணியை அளந்தார். மறுநாள் பார்த்தால் ஏணியில் இரண்டடி குறைந்திருந்தது. அதற்குப் பிறகு உயரம் எட்டாத இடங்களில் கடைக்காரரிடமே கதிரை கேட்டு வாங்கி, அதில் ஏறி அளந்து, இறங்கி, அதே கதிரையில் இருந்து அந்தக் கடைக்காரருக்கே நோட்டீஸ் எழுதிக் கொடுப்பார்.

எனக்கும் கொடுத்தார். பிரதான வீதியில் நான் விளம்பரப் பெனர் அடிக்கும் கடை திறந்த முதல் கிழமை அது. 'மூன்லைட் டிஜிட்டல் அச்சகம்' என்று பன்னிரண்டு அடியில் பலகை வைத்திருந்தேன். நானா வந்தார், அளந்தார், சிரித்தார்.

"ஊருக்கே போட் அடிச்சிக் குடுக்கிற ஆளுக்கு சட்டம் தெரியல்லயா தம்பி?"

"ரெண்டடிதானே நானா..."

"அந்த ரெண்டடியத்தான் கழட்டச் சொல்றன்."

புதிதாக அடிக்க மனம் வராமல், வீம்புக்குப் பலகையின் வலது பக்கத்தில் இரண்டடியை அறுத்தெறிந்தேன். 'கம்' போய்விட்டது. 'மூன்லைட் டிஜிட்டல் அச்ச' என்று மூன்று மாதம் கடை நடத்தினேன். நானா ஒருநாள் வண்டியை நிறுத்தி, நிதானமாக வாசித்துவிட்டுச் சொன்னார்: "இப்ப அளவும் சரி, அர்த்தமும் சரி. என்னக் கண்டா உங்களுக்கு அதுதானே!"

அவருடைய மகளின் கலியாணத்தை ஊர் இன்னும் கதைக்கிறது. மாப்பிள்ளை சம்மாந்துறை. கூட்டாளிமார் சேர்ந்து மாப்பிள்ளையின் படம் போட்ட பெரிய வாழ்த்துப் பெனர் ஒன்றை என்னிடம் அடித்து, நானாவின் வீட்டுச் சந்தியில் இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே குறுக்காகக் கட்டிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வாகனங்களில் வந்து இறங்குகிறார்கள். அங்கே பெண்ணின் வாப்பா, புதுச் சாரமும் புதுச் சேட்டும் தொப்பியுமாக ஏணியின் உச்சியில் நின்று மாப்பிள்ளையின் படத்தை அறுத்துக்கொண்டிருக்கிறார்!

மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "என்ன ஹாஜியார், மாப்பிள்ளையப் புடிக்கல்லயா?"

ஏணியில் இருந்தபடியே நானா சொன்னார்: "மாப்பிள்ளைய நல்லாப் புடிச்சிரிக்கி. கரண்டுக் கம்பத்துல கட்டினதுதான் புடிக்கல்ல. அவர் ஊட்டுக்குள்ள வந்து இரிக்கட்டும், ரோட்டுக்குக் குறுக்கால தொங்கக் கூடா!"

வாசலில் நின்ற அவர் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டார். "இந்த மனிசன் கலியாணத்தையே கழட்டிப் போடுவார் போல இரிக்கே, யா அல்லாஹ்!" நல்ல வேளை, மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அவரே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவரைத்தான் பாடசாலைச் சந்திப் பலகை மடக்கிப் போட்டது. பிரதான வீதி வளைகிற இடத்தில், பாடசாலைக்குப் போகும் சின்னத் தெரு, ஒழுங்கை என்போம், வந்து சேரும் முனையில், இரண்டு இரும்புக் கம்பங்களில் ஒரு பால்மா விளம்பரம் எழுந்தது. கொழும்புக் கம்பனி, மேலிடத்துக் கையெழுத்து. அதை அடித்துக் கொடுத்ததும் நான்தான். பலகை அழகாகத்தான் இருந்தது. ஒழுங்கையிலிருந்து வருபவர்களுக்கு வீதியில் என்ன வருகிறதென்று தெரியாது, அவ்வளவுதான். சம்மாந்துறைப் பக்கமிருந்து நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு உழவு இயந்திரங்கள் வரும் வழி அது.

அதை அகற்றச் சொல்லி நானா சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. மறுபடியும் எழுதினார். கோப்பைக் காணவில்லை என்றார்கள். பிறகு ஒருநாள் காலை பாடசாலை நேரத்துக்குப் பார்த்தால், அந்தப் பலகைக்குக் கீழே கழுத்தில் விசிலோடு நானா நிற்கிறார். பாடசாலை விடும் நேரத்திலும் நின்றார். அடுத்த நாளும் நின்றார். வெயிலென்றும் மழையென்றும் பாராமல் மாதக்கணக்கில் நின்றார். நாங்கள் சிரித்தோம். "என்ன நானா, பொலிசில சேர்ந்திட்டீங்களா?" என்று நானே கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "போட்டக் கழட்ட எனக்கு ஏலாம இரிக்கி தம்பி. அது மறைக்கிற இடத்துல நிண்டு பார்த்துச் சொல்லவாவது ஏலும்தானே" என்றார்.

என் மனைவி அந்தப் பாடசாலையில் ஆசிரியை. ஸ்கூட்டியில் போய் வருபவர். நானாவின் விசிலைக் கேட்டாலே அவருக்கு எரிச்சல் வரும். ஒரு மதியம் ஒழுங்கையிலிருந்து வேகமாக வந்தவரின் முன்னால் நானா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாய்ந்திருக்கிறார்.

"விலகுங்க நானா! எனக்கு ரோட்டுப் பார்த்துப் போகத் தெரியும்."

"நில்லுங்க டீச்சர்! நில்லுங்க எண்டு சொல்றன்!"

சொல்லி வாய் மூடவில்லை. பலகைக்கு அப்பாலிருந்து நெல் ஏற்றிய உழவு இயந்திரம் பிரேக் பிடிக்காமல் வந்து, நானாவின் முதுகை உரசுவது போலக் கடந்து, ஓரத்தில் நின்ற அவருடைய மோட்டார் சைக்கிளையும் ஏணியையும் சப்பளித்துக்கொண்டு வடிகானுக்குள் இறங்கியது. நானா திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். "டீச்சருக்கு ஒண்டுமில்லயே?" என்றுதான் கேட்டாராம்.

அன்று மனைவி வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்த போட்ட நீங்கதானே அடிச்சீங்க?"



மறுநாள் மனைவி பாடசாலையின் ஆசிரியைகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு சபைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். "கோப்பு வாற வரைக்கும் நாங்க இவடத்த விட்டு எழும்ப மாட்டம்" என்று தரையில் இருந்துவிட்டார்கள். மாதக்கணக்கில் காணாமல் போயிருந்த கோப்பு மூன்று நிமிடத்தில் வந்தது. உள்ளே நானாவின் கடிதங்கள் பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றிலும் சந்தியின் வரைபடத்தைக் கையால் வரைந்திருந்தார். சபைத் தலைவர் அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முகத்தை நிமிர்த்தாமலே கையெழுத்து வைத்தார்.

பலகையைக் கழற்ற நானே ஏறினேன். கீழே நின்ற நானா விடவில்லை. "பொறுங்க, அகற்றுற படிவத்துல அளவு எழுதணும்" என்றார். மற்றக் கம்பத்தில் அவரும் ஏற, ஆளுக்கொரு முனையாக அளவு நாடாவைப் பிடித்து அளந்தோம். நானா நாடாவை இரண்டு தடவை பார்த்தார். உழவு இயந்திரம் முதுகுக்குப் பின்னால் கடந்தபோது வராத அதிர்ச்சி அப்போதுதான் அவர் முகத்தில் வந்தது.

"இருபதடிக்குத்தானே அனுமதி. இருபத்திரண்டு இரிக்கி! தம்பி, நீங்கதானே அடிச்ச?"

"சுத்திவர மடிச்சிக் கட்ட விட்ட துண்டு நானா..."

"மடிச்சதும் போட்தான்!"

கம்பத்தில் தொங்கிக்கொண்டே அன்று நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கண்ணீர் வந்துவிட்டது. எல்லாமே சிரிப்பால் வந்த கண்ணீரில்லை.

நானா போன வருடம் ஓய்வு பெற்றார். பிரியாவிடைக் கூட்டம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, வழமை போல அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். அன்று அவருக்குப் பின்வரிசையில் நானும் தொழுதேன். தொழுது முடித்துக் கையேந்தியபோதுதான் ஒன்று உறைத்தது: நோட்டீஸிலும் கடிதத்திலும் ஒரு கிறுக்கல் கையெழுத்தும் பதவி முத்திரையும்தான் இருக்கும், இத்தனை வருடமாக இவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பட்டப்பெயரைச் சொல்லி அல்லாஹ்விடம் அவருக்காகக் கேட்பது எப்படி? பள்ளி வாசலிலேயே அவரை மறித்துப் பெயரைக் கேட்டேன். என்னத்துக்கு என்று விசாரித்தார். சும்மாதான் என்று சொல்லிவிட்டேன்.

தொழுது கையேந்தும்போதெல்லாம், வாப்பா, உம்மா பெயர்களுக்கு அடுத்ததாக இப்போது அந்தப் பெயரைத்தான் சொல்கிறேன்.