உப்பங்கழியிலிருந்து வந்த ஒரு டின் சேறு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்,
12-11-1968

மரியாதைக்குரிய அண்ணன் உமாபதி அவர்களுக்கு, தங்கை கமலவேணி வணங்கி எழுதுவது. இங்கு நான், அவர், மாமனார், குழந்தை எல்லோரும் சுகம். தொட்டி மீன்கள் மட்டும் சுகமில்லை. இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். பதில் தாமதமானதற்குக் கோபிக்க வேண்டாம், பல் முளைக்கிற பிள்ளை எழுதவிட்டால்தானே.

ஓட்டுத் தொழிற்சாலைக்காக உப்பங்கழியில் களிமண் வெட்டப் போவதாகவும், கார்த்திகை முதல் வெள்ளியன்று குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து என்றும் எழுதி, பிள்ளைக்குப் பொம்மை செய்ய ஒரு டின் சேறும் அனுப்பினீர்களே, கன்னங்கரேலென்று, வெண்ணெய் மாதிரி, அதை மொட்டைமாடியில் உலர்த்தினேன். பத்து நாளில் சாம்பல் பூத்து, மஞ்சள் புள்ளி வைத்து, அழுகின முட்டை நாற்றம். போன வாரம் மழை. மாடித் தண்ணீர் முற்றத்துத் தொட்டியில் விழுந்து வழிந்தது. காலையில் ஆறு மீனும் மல்லாந்து கிடக்க, வழிந்த தண்ணீரைப் பிடித்த பித்தளை அண்டாவோ யாரும் தேய்க்காமலே தங்கமாக மின்னுகிறது. காலேஜ் புத்தகத்துக்குள் கிடந்த நீல லிட்மஸ் தாளை அந்தத் தண்ணீரில் நனைத்தேன், சிவந்துவிட்டது. அண்ணா, அந்தச் சேற்றில் கந்தகம் இருக்கிறது. தண்ணீருக்கடியில் தூங்குகிறவரை பரம சாது. வெட்டிக் காற்றில் போட்டால் விழித்துக்கொண்டு அமிலமாகிவிடும், அப்புறம் எந்தத் தாலாட்டுக்கும் அடங்காது. எனக்கு ஒரு டின். நீங்கள் நூறு ஏக்கரை எழுப்பப் போகிறீர்கள்.

மாமனாரிடம் சொல்லப் போனால், அவர் அதே தொட்டித் தண்ணீரை மொண்டு சாயமேற்றிய பட்டு நூலை அலசி முடித்திருந்தார். கடைசி அலசலில் நூல் மினுங்க எலுமிச்சம்பழம் பிழிவார், அன்று மறந்துவிட்டாராம். "இன்னாமா மினுக்குது பாரு, இனிமே பழமே வாணாம்" என்று நூலை வெயிலில் தூக்கிப் பிடித்தார். மீன் செத்ததைச் சொன்னேன். "மீனுக்கா பொடவ நெய்யறோம்?" என்றார்.

நேற்று மத்தியானம் தூளியை ஆட்டிக்கொண்டே கண்ணயர்ந்தேன். கனவில் கழி முழுக்க அந்த அண்டாவின் மினுக்கம். காற்றில்லை, படகு அசையவில்லை. உங்கள் பிள்ளைகள் இருவரும் குளித்துவிட்டு, புளி போட்டு விளக்கிய பூசைப் பாத்திரம் மாதிரிக் கண்கூசக் கரையேறி, "அத்தை, மீனெல்லாம் எங்க?" என்கிறார்கள். நான் அமிலம் முறிய முந்தானையில் சுண்ணாம்பை அள்ளி அள்ளிக் கழியில் போட்டுக்கொண்டே இருக்கிறேன், தீரவேயில்லை. விழித்தால் கையில் தூளிக் கயிறு. பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் பிள்ளைகள் இறங்குகிற தண்ணீர், அண்ணா. கையெழுத்துப் போட வேண்டாம். அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். காமாட்சியம்மன் உங்கள் எல்லோரையும் காக்கட்டும், சேற்றைத் தூங்கவிடட்டும்.

இப்படிக்கு,
கமலவேணி

பி.கு: தபாலில் போட வேண்டாம், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று மாமனார் வாசலில் நிற்கிறார். கையில், சேறு அள்ளிவர நான்கு காலி மண்ணெண்ணெய் டின். வெள்ளிக்கிழமை வரை தங்கி, பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தும் அவரே போடுவாராம்.