கரடியைத் தேய்த்தால் கேட் திறக்காது

சிரஞ்சீவி சௌந்தர்யாவுக்கு,

வல்லம் வடகாலிலிருந்து அப்பா பரசுராமன் அநேக ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும், தண்ணீர் மோட்டாரும், கொசுக்களும் சௌக்கியம். துபாயில் உன் சௌக்கியத்தையும், நீ பெயிண்ட் அடிக்கிற பொய்ப் பாறைகளின் சௌக்கியத்தையும் அறிய ஆவல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் "அப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

தீபாவளிக்கு நீ அனுப்பிய சட்டைப் பின் வந்து சேர்ந்தது. உங்கள் தீம் பார்க்கில், ஜனங்கள் கண்ணில் படாமல் திரைமறைவில் உழைக்கிற கலைஞர்களை மரியாதை செய்து அவரவர் உருவம் பதித்து ஆளுக்கொரு பின் போட்டு விற்பது நல்ல காரியம்தான். கரடி உடுப்பு தைக்கிற அம்மாள், பொய் மழை பெய்விக்கிறவர், பேய் வீட்டுக்கு அழுகைச் சத்தம் கொடுக்கிறவர் என்று என்னிடம் இப்போது மூன்று பேர். ஆனால் ஒன்று கவனித்தேன். போன பொங்கலுக்கு நீ வரவில்லை, கரடி வந்தது. அம்மா திதிக்கு நீ வரவில்லை, மழைக்காரர் வந்தார். தீபாவளிக்குப் பேய். இப்படியே போனால் உலகத்திலேயே பெரிய பின் சேகரிப்பு என்னிடம்தான் இருக்கும்.

"பெட்டில போட்டு வைக்காதப்பா, டேக்ல குத்திக் கழுத்துல மாட்டிக்கோ. பாக்கறவங்க நின்னு பேசுவாங்க, அவங்க பின்னோட மாத்திக்கலாமான்னு கேப்பாங்க, இங்க அதான் பழக்கம்" என்று நீதானே சொன்னாய். பேச ஆள் கிடைத்தால் எனக்கு மட்டும் கசக்குமா? ஒரகடம் கம்பெனியில் இருந்தபோது நீ கார்டு தொங்கவிட்ட நீல டேக்கில் மூன்றையும் குத்தி மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டில் போய் நின்றேன். நம் பக்கத்தில் கழுத்தில் டேக் தொங்கினால் ஷிப்டுக்கு நிற்கிற ஆள் என்று அர்த்தம், அது எனக்கு உறைக்கவில்லை. ஒரு கம்பெனி பஸ் வந்து எதிரே நின்றது. "இன்னா பெர்சு, வேடிக்க பாத்துகினு கீற? ஏறு, டைமாச்சு" என்றார் டிரைவர். என்னை யாரும் வா என்று கூப்பிட்டு ரொம்ப நாளாயிற்று, ஏறிவிட்டேன். ஏசி பஸ், ஜன்னலோர சீட். பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், ஓ.டி. பார்த்த களைப்பு போலிருக்கிறது, என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எழுப்பி இறங்க மனசு வரவில்லை.

கேட்டில் எல்லாரும் கார்டைத் தேய்த்து உள்ளே போனார்கள். நானும் கரடியைத் தேய்த்தேன். மெஷின் கத்தியது. செக்யூரிட்டி ஓடிவந்து, "இன்னா சார் இது, கார்டு எங்க? கரடி கீது?" என்றார். பேய்க்காரரைக் காட்டினேன், அதற்கும் திறக்கவில்லை. "வூட்ல யாரு கீறாங்க, போன் போடு" என்றார். யாரும் இல்லை என்றேன். உடனே அவர், ஷிப்ட் முடிந்தால்தான் பஸ் திரும்பும் என்று சொல்லி, ஸ்டூல் போட்டு, கேன்டீனிலிருந்து சாம்பார் சாதம் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, தன் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு எதிரே உட்கார்ந்தார். நான் பின் கதையைச் சொன்னதும் கரடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யாருக்கும் தெரியாம தைக்கிறவங்களுக்கு பேட்ஜா? அப்ப கேட்ல நிக்கிற எங்களுக்கு?" என்றார். மகளிடம் சொல்லி வைக்கிறேன் என்றேன். உண்மையைச் சொல்கிறேன் சௌந்தர்யா, எதிரே ஓர் ஆள் உட்கார நான் சாப்பிட்டு எத்தனையோ மாதம் ஆகிறது. சாம்பாரில் உப்பே இல்லை, இருந்தும் மறுபடி வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாளும் டேக்கை மாட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றேன். அதற்கு அடுத்த நாளும். டிரைவருக்கு ஆள் தெரிந்துவிட்டது. ஹாரன் அடித்துக் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

கடைசியில் நம் மாடி ரூமில் வாடகைக்கு இருக்கிற தென்காசிக்காரன் முப்பிடாதிதான் கேட்டான். "ஐயா, இதுல ஒண்ணு எனக்குத் தருவியளா? பதிலுக்கு நான் ஒண்ணு தாரேன்." பேயைக் கொடுத்தேன். அவன் கம்பெனியில் வாங்கிய 'மாதத்தின் சிறந்த ஊழியர்' பேட்ஜை என் டேக்கில் குத்திவிட்டான். வேலைவெட்டி இல்லாத நான் இப்போது சிறந்த ஊழியன். தினம் வந்து பேசுவான் என்று நினைத்தேன், மறு வாரமே அவனுக்கு நைட் ஷிப்ட். நான் விழித்திருக்கும்போது அவன் தூங்குகிறான், நான் தூங்கப் போகும்போது அவன் கம்பெனி லைனில் நிற்கிறான்.

ஆகவே இந்தப் பொங்கலுக்கும் வர முடியவில்லையே என்று நீ வருந்த வேண்டாம். அடுத்த பின் உன்னுடையதுதான், பிரஷ்ஷும் கையுமாக உன் முகத்தையே போடுகிறார்கள் என்று சொன்னாய், பெருமையாக இருக்கிறது. லீவு கீவு என்று கேட்டு அவர்கள் மனம் கோணும்படி செய்யாதே. இங்கே ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், லாரிப் புழுதி, உனக்குத் தும்மல் வரும். பின்னை வழக்கம்போல் கூரியரில் அனுப்பிவிடு, அம்மா படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. பெயிண்ட் அடிக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள். கரடி உடுப்பு தைக்கிற அம்மாளை நான் கேட்டதாகச் சொல். ஊர் அம்மனும் உன் அம்மாவும் உனக்குத் துணை இருப்பார்கள்.

இப்படிக்கு,
அப்பா பரசுராமன்
(மாதத்தின் சிறந்த ஊழியர்)

பி.கு.: நேற்று கூரியர்காரரைப் பிடித்து டீ வாங்கிக் கொடுத்தேன். துபாயிலிருந்து பொங்கலுக்குப் பார்சல் ஏதும் வந்தால், பரசுராமன் என்கிற ஆள் வீட்டைக் காலி செய்துவிட்டார் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். சரி என்று சொல்லிவிட்டார். ஆகையால் அந்தப் பின் இங்கே வந்து சேர ஒரே வழிதான் இருக்கிறது, நீயே குத்திக்கொண்டு வா. நான் டேக்கை மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டில் நிற்கிறேன்.