உடும்பு நானாவின் வீட்டு மாப்பிள்ளை

மருமகனுக்குப் பயப்படும் மாமனார்களைக் கற்பிட்டிக் கரை முழுக்கப் பார்க்கலாம். ஆனால் மருமகனை முருங்கை மரத்தில் ஏற்றிவிட்டு, கீழே நின்று "ரெண்டு இலையாச்சும் தின்னுங்க மாப்புள" என்று கெஞ்சிய மாமனார் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் நுரைச்சோலையில் என் எதிர்வீட்டுக்காரர், தெருவுக்கே அண்ணன் முறையான உடும்பு நானா. வாப்பா வைத்த பெயர் வேறு. அதை அவரே மறந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மருமகன் ஓர் இகுவானா. தென்னமெரிக்காக் காட்டில் இருக்கவேண்டிய பச்சைப் பல்லி. தாடைக்குக் கீழே தொங்குகிற தோல், முதுகு நெடுக முள், வாலோடு அளந்தால் என்னைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நானாவுக்குத் தோட்டம் செய்வதுதான் தொழில். கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வெள்ளைக்காரருக்கு வேடிக்கை காட்ட வைத்திருந்த சின்ன மிருகக்காட்சிசாலைக்குத் தினமும் கீரை கொண்டுபோய்க் கொடுப்பார். ஹோட்டலை மூடியபோது மலைப்பாம்பையும் ஆமைகளையும் கொழும்புப் பக்கத்து மிருகக்காட்சிசாலைக்கு ஏற்றிவிட்டார்கள். இது மட்டும் மரத்து உச்சியில் இலையோடு இலையாக இருந்து தப்பிவிட்டது. பிறகு நானாவின் கீரைக்கட்டைக் கண்டதும் தானாக இறங்கி வந்ததாம்.

"என்னத் தேடி வந்தவர எப்புடி உட்டுட்டு வாற?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். நானாவுக்கு மூன்றும் ஆண்பிள்ளைகள். மூன்று பேரும் மாப்பிள்ளையாகி மூன்று ஊருக்குப் போய்விட்டார்கள். அவர் வீட்டுக்கு மாப்பிள்ளை வர வழியே இல்லை. வந்து சேர்ந்த இதுவோ நன்றாகச் சாப்பிட்டது, வெயில் காய்ந்தது, ஒரு வேலையும் செய்யவில்லை, என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டியது. "மாப்புளைக்கு வேற என்ன லட்சணம் வேணும்?" என்றார் நானா. பெயர் நிலைத்துவிட்டது.

அவர் மனைவி ஹமீதா ராத்தா பொரிந்து தள்ளினார். "எண்ட மூணு புள்ளைகளுக்கும் ஒரு நாளாச்சும் இப்புடிக் கீரை ஆஞ்சு குடுத்தீக்கீங்களா?" ஆனால் காலையில் செவ்வரத்தம்பூ பறித்து, கழுவி, தட்டில் வைத்தது ராத்தாதான்.

வெளிநாட்டுப் பிராணியை வீட்டில் வைத்திருப்பது சட்டத்துக்கு ஆகாது. தெரிந்தால் அதிகாரிகள் வந்து கொண்டுபோய்விடுவார்கள். அதனால் யார் கேட்டாலும் "அது மரத்துல ஏறின உடும்பு" என்று தெருவே ஒரே குரலில் பொய் சொன்னது. நானாவுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அப்படித்தான். உடப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் தம்பி மட்டும் அதை உண்மையென்று நம்பி, "நல்ல கொழுத்த உடும்பு நானா, கறிக்கு அந்த மாதிரி இருக்கும்" என்றுவிட்டான். அதற்குப் பிறகு பெருநாள் வரும்வரை நானா அவனிடம் மீன் வாங்கவில்லை.

ஒருநாள் அடைமழை. கரண்ட் இல்லை. குளிரில் மாப்பிள்ளை விறைத்துப் போனார். சூடு காட்ட மாட்டியிருந்த பல்பும் எரியவில்லை. முற்றத்தில் நின்றால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியும். நானா அதைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"இவ்வளவு பெரிய அடுப்ப மூக்குக்கு முன்னால வச்சிக்கிட்டு, எண்ட மாப்புளைக்கு ஒரு பல்பு எரிய வழியில்லயா?"

நானா தோட்டத்துக் கொட்டிலுக்கு ஓடி, மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணீர் மெஷினை முடுக்கினார். அது சூடேறியதும், ராத்தாவின் சேலையில் சுற்றிய மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக் குந்திக்கொண்டார். அந்த மழையில், ஏற்கெனவே முழங்கால் வரை வெள்ளம் நின்ற மிளகாய்ப் பாத்திக்கு நானா தண்ணீர் இறைப்பதைப் பார்த்த ஊர், அவருக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டியது. மிளகாய் அழுகிப்போனது. மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டார்.

பிறகுதான் வந்தது சோதனை. மாப்பிள்ளை இலையும் தொடவில்லை, பூவும் தொடவில்லை. முற்றத்து மூலையை மட்டும் பிராண்டிக்கொண்டே இருந்தது. நானாவுக்கும் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்தார்.

"மிருக டொக்டருக்கு போன் அடிங்க தம்பி."

"அவங்க வந்தா கொண்டு போயிருவாங்க நானா."

"தெரியும். அடிங்க."

அதிகாரிகளோடு ஒரு டொக்டரம்மா வந்தார். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது ஆண் இல்ல ஐயா, பொம்பள. வயித்துல முட்டை இருக்கு. சோடி இல்லாட்டியும் முட்டை வைக்கும்."

நானா வாயைப் பிளந்தார். ராத்தாதான் முதலில் தேறினார். "பாத்தீங்களா, மகள்! நமக்கு மகள்!"

அந்தச் சொல் காதில் விழுந்ததும் நானா எழுந்து நின்றார். "அப்ப இவவக் கொண்டு போக ஏலாது. எங்கட ஊர்ல பொம்புளப் புள்ள வீட்ட உட்டுப் போறல்ல. ஒங்கட மிருகக்காட்சிசாலைல நல்ல ஆம்புள இருந்தா இங்க அனுப்புங்க. நான் வச்சிப் பாக்குறன்."

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டொக்டரம்மா மட்டும் பொறுமையாக, "முட்டை வைக்க மணல் வேணும் ஐயா" என்றார்.

"கற்பிட்டில மணலுக்கா பஞ்சம்?"

"மணல் இருக்கு. முட்டை சிக்கிட்டா ஒப்பரேசன் செய்யணும். இங்க வச்சிருந்தா செத்துப் போயிரும்."

நானா தானே தூக்கிக்கொண்டுபோய்க் கூட்டில் வைத்தார். ராத்தா அந்தப் பழைய சேலையை உள்ளே விரித்தார். வாகனம் போன பிறகும் வாசலில் நின்றுகொண்டே இருந்த அந்த மனிதரைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மகள் பிழைத்த செய்தி வந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். மடியில் ஒரு பை முருங்கை இலை. மிருகக்காட்சிசாலையில் அதைக் கொடுக்க விடவில்லை. கண்ணாடிக்கு முன்னால் பிறந்த இடம் தென்னமெரிக்கா என்று பலகையில் எழுதியிருந்தது. பக்கத்தில் நின்ற குடும்பத்திடம் நானா, "இல்ல, இவ நுரைச்சோல. இது புகுந்த வீடு" என்று திருத்தினார். பிறகு சம்பந்தி வீட்டில் குறை பிடிக்கும் தகப்பனாக என் காதில் சொன்னார்: "கரட் சீவி வச்சீக்காங்க. அவ கரட் தின்ன மாட்டா."

அவள் கரட்தான் தின்றுகொண்டிருந்தாள். நானா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். அவள் தின்பதை நிறுத்தி, மெல்ல இரண்டு தரம் தலையை ஆட்டினாள்.

திரும்பும்போது பஸ் சிலாபம் தாண்டியது. நானா இலைப்பையைத் தடவிக்கொண்டே, "மகள் மெலிஞ்சி பெய்த்தா தம்பி" என்றார்.

நான் பார்த்த மகளுக்குக் கழுத்து எங்கே முடிகிறது, வயிறு எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்குக் கொழுப்பு.

"ஓம் நானா," என்றேன். "நல்லா மெலிஞ்சிட்டா."