சோப்புப் போட்ட கைகளுக்கு மட்டும்

"தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செஞ்சுட்டுத்தான்டா வந்திருக்கேன். நகரு."

தஹானி அத்தை கையில் பெரிய சல்லடையோடு நின்றாள். பிள்ளை பிறந்த ஏழாம் நாள் விழாவில் அதைக் கிடத்துகிற சல்லடை. அறைக் கதவை மறித்து நின்றான் வஜீஹ், குழந்தையின் அப்பன்.

"ஒளுவுல சோப்பு கிடையாதே அத்தை. ஊரெல்லாம் வயித்துப்போக்கு. சோப்புப் போட்டுக் கழுவாத கை பிள்ளை மேல படக்கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருக்கார்."

"தொழுகைக்குப் போதுமான கை, உன் பிள்ளையைத் தூக்கப் போதாதா?"

வஜீஹுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. எடை குறைவு. இப்போதுதான் ஒழுங்காகப் பால் குடிக்கிறது. மன்சூரா ஊரே திரண்டு வந்து, பஸ் கம்பியைப் பிடித்த கையோடு அதன் கன்னத்தைக் கிள்ளுவேன் என்றால் எந்த அப்பன் பொறுப்பான்?

"உங்களை மட்டும் சொல்லலை அத்தை. எல்லாருமே கழுவணும்" என்று சமாளித்தான்.

அதுவே வினையாயிற்று. அத்தை ஒருத்தியின் கோபம் வீட்டுக்கே பொதுவாகிவிட்டது. குழாயடியிலிருந்து மாடிப்படி வரை வரிசை. முதலில் நின்ற ஹில்மி சித்தப்பா விரல் நுனியை நனைத்துவிட்டு நழுவப் பார்த்தார்.

"சித்தப்பா, விரல் இடுக்கு. நகக்கண். புறங்கை."

"வரி ஆபீஸ்ல காலமெல்லாம் அடுத்தவன் கணக்கைத் தோண்டினேன். என் நகத்தை ஒருத்தனும் தோண்டினதில்லை."

அந்த நேரம் பார்த்துக் குழாய் நின்றது. அந்தத் தெருவில் அது அப்படித்தான், விருந்தாளி உள்ளே வந்தால் தண்ணீர் வெளியே போய்விடும். வஜீஹ் சமையலறைக் குடத்தைத் தூக்கி வந்து ஒவ்வொரு கையிலும் ஊற்றினான். சோப்புத் தண்ணீர் தொட்டியில் பாதி, தரையில் பாதி. ஹில்மி சித்தப்பா அதில் வழுக்கி, பிள்ளைகளுக்குக் கொடுக்க அடுக்கியிருந்த மிட்டாய்த் தட்டின்மேல் உட்கார்ந்தார்.

"விருந்துக்குக் கூப்பிட்டானா, ஆபரேஷனுக்குக் கூப்பிட்டானா?" என்றார் உட்கார்ந்தபடியே.

"எழுந்திருங்க, போகலாம்" என்றாள் அத்தை. பாதிப் பேர் செருப்பைத் தேடினார்கள்.

"போங்க. எல்லாரும் போங்க" என்றான் வஜீஹ். "நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரி வராண்டாவுல நிக்கப்போறவன் நான்தானே."

அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சல்லடையைக் கீழே வைத்தாள். சட்டைக்கையை முழங்கை வரை சுருட்டினாள்.

"ஊத்துடா."

அவள் தேய்த்த தேய்ப்பில் சோப்பு பாதியாகிவிட்டது. அவளே கழுவிய பிறகு மற்றவர்கள் வாயைத் திறப்பார்களா? வரிசையாக வந்து கழுவினார்கள். வஜீஹுக்கு மனசு நிறைந்துவிட்டது. கழுவி வந்த ஒவ்வொருவர் கையையும் தன் இரண்டு கைகளாலும் பற்றிக் குலுக்கி நன்றி சொன்னான். அத்தையின் கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டான்.

பிறகு பெருமையோடு கதவைத் திறந்தான். தொட்டில் காலி.

"ரபாப், பிள்ளை எங்கே?"

கட்டிலில் இருந்த அவன் மனைவி மாடிப்படிப் பக்கம் கையைக் காட்டினாள். மேல் வீட்டு பஸ்மாவின் அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தாள். வஜீஹ் பாய்ந்துபோய்க் கையை நீட்டினான். அவள் ஒரு படி மேலே ஏறிக்கொண்டாள்.

"அங்கேயே நில்லுப்பா. 'வர்றவங்க எல்லாரையும் அவர் கழுவ வெச்சிடுவார், வாசல்ல நின்னு ஊர்க் கையையெல்லாம் குலுக்கப்போற அவரை யாரு கழுவ வைக்கிறது'ன்னு சொல்லித்தான் உன் பெண்டாட்டி விடியறப்பவே பிள்ளையை என்கிட்ட குடுத்துட்டா."