மூன்று தாய்மாமன்களும் ஒரு ரயில்வே கேட்டும்

கண்ணுக்குத் தெரியாத எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, கண்ணெதிரே வேட்டி கட்டிக்கொண்டு நிற்கும் தாய்மாமன்கள் எம்மாத்திரம்? தங்கையின் நிச்சயதார்த்தத்தன்று காலை வரை எனக்கு இதில் துளிச் சந்தேகமும் இல்லை.

அப்போது நான் பெங்களூரில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவன். படித்தது குவாண்டம் ஸ்பின் திரவம். (பெயரைக் கேட்டதும் எங்கள் ஊரான திருத்தங்கலில், ஏதோ புது வெடிமருந்து போல என்று மரியாதையாகத் தள்ளி நின்றார்கள்.) விஷயம் எளிது. சில பொருள்களில் ஒவ்வொரு எலெக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்தில் இருப்பது மேலே பார்த்தால் இது கீழே பார்க்கும். மூன்று காந்தங்கள் முக்கோணமாக அமைந்துவிட்டால்தான் வம்பு. ஒன்று மேலே, ஒன்று கீழே, மூன்றாவது யாரை முறைப்பது? முடிவே எட்டாமல், எத்தனை குளிர வைத்தாலும் உறையாமல், அவை மாறிக்கொண்டே இருக்கும். அப்படியொரு பொருள் நிஜமாகவே இருக்கலாம் என்று அந்த வருடங்களில் எங்கள் துறையே பரபரத்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் அது ஏற்கெனவே இருந்தது. பெரிய மாமா பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் வைத்திருந்தார். நடுமாமா தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். சின்ன மாமா லோடு வண்டி ஓட்டினார். ஒரு சீசனில் பூச்சட்டி என்கிற புஸ்வாணத்தின் படம் லேபிளில் தலைகீழாக அச்சாகிவிட்டது. நடுமாமா லேபிளை வாங்க மறுக்க, சின்ன மாமா கட்டுகளை ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போக, அன்றோடு மூவரில் எவரும் எவரோடும் பேசுவதில்லை. ஒருவர் உட்கார்ந்த வரிசையில் இன்னொருவர் உட்கார மாட்டார்.

ஆனால் தாய்மாமன் மாலை போட்ட பிறகுதான் பெண் சபைக்கு வர வேண்டும். எந்த மாமா? ஒருவரைச் சொன்னால் மற்ற இருவரும் எழுந்து போய்விடுவார்கள். அம்மா இந்தக் கவலையிலேயே இளைத்துப்போனாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மூவரையும் உட்காரவே விடாமல் நகர்த்திக்கொண்டே இருந்தால் சண்டைக்கு ஏது நேரம்?

முதலில் எல்லாம் ஜோராக நடந்தது. ஒருவர் பந்தலுக்கு வந்தால் இன்னொருவரைச் சமையல்கட்டுக்கு அனுப்புவேன், மூன்றாமவரைத் தெருமுனைக்கு. அந்தப் பூரிப்பில் பெரிய மாமாவின் காதில், "நீங்கதான் மாமா மாலை போடணும். பஜாருல வாங்கிட்டு வந்துருங்க" என்றேன். அவர் தலை மறைவதற்குள் மற்ற இருவரும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். வேறெதுவும் தோன்றவில்லை. அதே ரகசியத்தைத் தனித்தனியாகச் சொல்லி, ஒருவர் பின் ஒருவராக அதே பஜாருக்கு அனுப்பினேன். (நடுவில் ஒரு ரயில்வே கேட் இருந்தது என் கணக்கில் இல்லை.)

மாப்பிள்ளையின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் முடியப்போகுது. தாய்மாமன் எங்கன இருக்காக?"

வந்துகொண்டே இருக்கிறார்கள் என்றேன். அறிவியல்படி அது உண்மைதான். கிளம்புகிறவர் போல அவர் துண்டை உதறித் தோளில் போட்டதும் நான் வீட்டுக்குள் ஓடினேன். உள்ளே தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, ஏதாவது ஒரு மாமா வந்தாப் போதும்ணே." அவள் கண்மை கரையத் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டின் ஒரே செல்போன் அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. மாமாக்களிடம் அதுவும் கிடையாது.

கேட்டில் நடந்ததைச் சின்ன மாமா பிறகு சொன்னார். பூட்டிய கேட்டுக்கு அந்தப்புறம் பெரிய மாமா மாலையும் கையுமாக நின்றிருக்கிறார். பக்கத்தில் நடுமாமா வந்து நின்றார், மாலையோடு. சின்ன மாமாவும் வந்தார், மாலையோடு. கூட்ஸ் வண்டியோ போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பெரியவர்தான் வாயைத் திறந்தாராம்: "ஒன்னயுமாலே அனுப்புனான்?"

இதற்கும் எங்கள் துறையில் விதி உண்டு. வெளியிலிருந்து ஒரு வலுவான காந்தப்புலம் வந்தால், முரண்டு பிடித்த காந்தங்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடும். அந்தப் புலம் நானாக இருப்பேன் என்றுதான் நினைக்கவில்லை.

நல்ல நேரம் முடிவதற்குள் மூவரும் சின்ன மாமாவின் ஒரே மொபெட்டில் வந்து இறங்கினார்கள். தங்கையின் கழுத்தில் மூன்று மாலைகள் விழுந்தன. முகம் பாதி மறைந்துவிட்டது. ஆனால் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. அம்மா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்து அழுதாள். அதை நான் ரசிக்க விடாமல் பெரிய மாமா, இரண்டு தம்பிகளையும் இருபுறமும் நிறுத்திக்கொண்டு, ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"ஏலே மருமகனே, இதுல உக்காரு. பந்தி முடியிற வரைக்கும் எந்திரிக்கப்படாது."

இன்று மாமாக்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். உறையாத பொருளைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற பேராசிரியர் நான். ஆனால் எங்கள் வீட்டில் எந்த விசேஷமானாலும் பந்தலில் முதலில் எனக்கொரு நாற்காலி போட்டுவிடுகிறார்கள். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட மூன்று மூலையிலிருந்தும் மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் வருகின்றன: "உக்காருலே."