சொந்த ரிங்கில் ஒரு தரிசனம்

“…இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன், நீ எந்தக் கட்சிடா?”

இடுப்பில் கை வைத்துக்கொண்டு செல்வம் இப்படிக் கேட்டபோது, ஸ்கூல் கிரவுண்டில் ஈ பறந்தால்கூடக் கேட்டிருக்கும். அரசியல் கேள்வி அல்ல. பாஸ்கெட்பாலில் அடுத்த கூடை யார் போட்டாலும் அவர்களுக்கே வெற்றி என்ற நேரத்தில், நாங்கள் காக்க வேண்டிய ரிங்கிலேயே பந்தைப் போட்டுவிட்டு நின்றிருந்தேன். (இரண்டு கையையும் வேறு தூக்கியிருந்தேன், வெற்றிக்களிப்பில்.)

எங்கள் தெருவில் இட்லிக்கடை வைத்திருந்த அம்மா ஒருவர் சொல்வார்: “பசின்னு வந்தா இட்லி போடலாம், பொறாமைன்னு வந்தா என்னத்தப் போடறது?” எனக்கு வந்ததோ சாதாரணப் பொறாமைகூட இல்லை, சக்களத்திப் பொறாமை. பதினாறு வயதில், அரும்பு மீசையோடு.

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் எங்கள் கிரவுண்டில் மலைப்பக்கம் ஒரு ரிங், ரோட்டுப்பக்கம் ஒரு ரிங், இரண்டுக்கும் வலை கிடையாது. எங்கள் ஆட்டத்தில் ரூல்ஸ் கம்மி, பேச்சு ஜாஸ்தி. பந்து கைக்கு வந்தால் யாருக்கும் தராதவன் ‘உண்டியல்’. பந்து ரிங்கின் விளிம்பிலேயே உருண்டால் ‘மலை சுத்துது’. சுற்றி உள்ளே விழுந்தால் ‘தரிசனம்’, வெளியே விழுந்தால் ‘நடை சாத்தியாச்சு’. (பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாதபோது மட்டும்.)

கட்சி பிரிக்க உத்தி. சமமான ஆட்டக்காரர்கள் இருவர் இருவராக ஜோடி சேர்ந்து, தோளில் கை போட்டு ஒதுங்கிப் போய், ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வர வேண்டும். “மெதுவடை வேணுமா, மசால்வடை வேணுமா?” என்று கேட்டால், கட்சித் தலைவர்களில் ஒருவன் ஒரு வடையை எடுப்பான், மற்றது எதிர்க்கட்சிக்கு. ஆக, ஜோடி என்றாலே எதிரெதிர்க் கட்சிதான். இரண்டு வருஷமாக செல்வத்துக்கு ஜோடி நான். தினமும் அவன் பந்தை நான் பிடுங்குவேன், அவன் துரத்துவான். அவன் கட்சி காப்பது எப்போதும் மலைப்பக்க ரிங்தான், அது அவனுக்கு ராசி. நான் போடுவதெல்லாம் அந்த ரிங்கில்தான். அதைவிட நெருக்கமான சிநேகம் எனக்குத் தெரியாது.

அப்போது வந்து சேர்ந்தான் கரீம். தேரடி வீதியில் அவன் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. வேலூர் ஹாஸ்டலில் படித்துவிட்டு ஊர் திரும்பியவன். ஆட்டம் பிரமாதம். கர்வமாவது இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன், நல்லவனாக வேறு இருந்து தொலைத்தான். “உன் கைவேகம் சூப்பருப்பா” என்று என்னிடமே சொன்னான். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்தி பிரிக்கும்போது செல்வம் என்னைத் தாண்டிப் போய்க் கரீம் தோளில் கை போட்டான்.

“டேய், நானு?”

“அவன் என் ஒசரம்டா. நீ தனபாலோட போயேன்.”

தனபால் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்பவன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: “என்னாடா பண்றது, என் தலையெழுத்து. வா.”

தலைவன் வடைகளை எடுத்து முடித்தபோது நான் செல்வத்தின் கட்சியில் இருந்தேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவன்தான். ஆனால் எதிரில் கரீம் செல்வத்தின் பந்தைப் பிடுங்குகிறான், செல்வம் சிரித்துக்கொண்டே துரத்துகிறான். “ஒத்துக்கறேன்டா கரீமு!” என்று முதுகில் ஒரு அடி வேறு. அந்த அடி என் முதுகுக்குச் சொந்தமானது.

ஆட்டம் சமநிலைக்கு வந்தது. பந்து செல்வத்திடம். எதிரே கரீம் குனிந்து நிற்கிறான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்குள் ஏதோ தீய்ந்தது. பின்னாலிருந்து பாய்ந்து செல்வத்தின் பந்தைப் பிடுங்கினேன். என் கைக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே!

“டேய்… டேய்!” செல்வம் துரத்தினான். ஆகா, என்னைத் துரத்துகிறான்! கால் தரையில் பாவவில்லை. எதிர்க்கட்சியில் ஒருவனும் குறுக்கே வரவில்லை. தனபால் மரியாதையாக விலகி வழியே விட்டான். (அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.) மலைப்பக்க ரிங்கைப் பார்த்து எறிந்தேன்.

பந்து விளிம்பில் உட்கார்ந்து மலை சுற்ற ஆரம்பித்தது. என் கட்சிக்காரர்கள் “வெளிய, வெளிய!” என்று அலறினார்கள். இவர்களுக்குப் பைத்தியமா என்று நினைத்தேன். பந்து நிதானமாகச் சுற்றி முடித்து உள்ளே இறங்கியது.

“தரிசனம்!” என்றான் தனபால், பக்தியோடு.

இன்றைக்கும் என் வீட்டில் வாக்குவாதம் வந்து நான் வாயைத் திறந்தால், என் மனைவி கையெடுத்துக் கும்பிடுவாள்: “ஐயோ, என் பக்கம் பேசாதீங்க. நீங்க அந்தக் கட்சியிலயே இருங்க, நான் ஜெயிச்சுடுவேன்.” கேரம் ஆட உட்கார்ந்தால் பேரன் பேத்திகள்கூட, “தாத்தா அவங்களுக்கு!” என்று ஒரே குரலில் தள்ளிவிடுகிறார்கள். கதையைச் சொல்லிக்கொடுத்தது வேறு யார், வருஷா வருஷம் தீபத்துக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கும் செல்வம்தான்.

அன்றைக்கு ‘எந்தக் கட்சி’ என்று கேட்டுவிட்டு அவன் நின்றான். உண்மையைச் சொல்ல முடியுமா? “நீ அவனைத் துரத்தறது எனக்குப் பிடிக்கலடா” என்று பத்து பேர் நடுவில் எந்த ஆம்பிளை சொல்வான்? தலையைக் குனிந்துகொண்டேன்.

செல்வம் என்னை ஒரு முறை முறைத்தான். பிறகு பந்தைக் கரீமிடம் எறிந்தான். “கரீமு, இன்னும் வெளிச்சம் கீது, இன்னோர் ஆட்டம் போடலாம். நீ தனபாலோட ஜோடி போ, முடிஞ்சா என் கட்சிக்கு வந்துடு. இவன் எதிர்ல இருந்தாத்தான் எனக்குப் பொழப்பு ஓடும்.”

சொல்லிவிட்டு என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டான். அணைப்பதைவிட நெரிப்பதற்கே அது அதிகம் பொருத்தமாக இருந்தது. அப்படியே என்னைப் புங்கமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய், காதோரம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்: “சொல்லித் தொலை, உனக்கு என்னா பேரு வெக்கிறது?”