ஜெர்மன் அண்ணனும் திருநீறு பூசிய ஒலிம்பிக் காசும்

வாசகர்களே, இந்த வழக்கில் உங்களைச் சாட்சிகளாக அழைக்கிறேன். திருவண்ணாமலைக்கு வந்து மலையைப் பார்க்காமல் திரும்பியவர்கள் இருக்கலாம். ஆனால் தொண்ணூறாம் ஆண்டு வாக்கில் செங்கம் சாலையில் வாடகை சைக்கிள் எடுத்து, ஜெர்மன் வெள்ளிக் காசுகளின் வரலாற்றைக் கேட்காமல் தப்பியவர் ஒருவரும் இல்லை.

சைக்கிள் கடைக்காரருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. ஊருக்கே அவர் ஜெர்மன் அண்ணன். ஆசிரமங்களுக்கு வரும் வெளிநாட்டினர் அவர் கணக்கில் இரண்டே வகை: ஜெர்மானியர், மற்றவர். மற்றவர்களுக்கு பிரேக் அலறும் சைக்கிள். ஜெர்மானியருக்கு எண்ணெய் போட்ட செயின், புது சீட், கூடவே ஒரு விண்ணப்பம்: "நெக்ஸ்ட் இயர் கமிங், சில்வர் காயின் பிரிங்கிங்!"

பலர் கொண்டுவந்தார்கள். கவிஞர்களுக்கும் இசைமேதைகளுக்கும் மேற்கு ஜெர்மனி வெளியிட்ட நினைவுக் காசுகள் அவருடைய அலமாரியில் குடியேறின. ரப்பர் அருகில் இருந்தால் வெள்ளி கறுக்கும் என்று எவரோ சொன்ன நாள் முதல், டயர்கள் வெளியே மழையில் தொங்கின.

"என் கொலுசு அறுந்து ஆறு மாசம் ஆவுது. அதுவும் வெள்ளிதாங்க" என்பார் அவர் மனைவி.

"அதுல ஜெர்மன்காரன் கழுகு முத்திரை இருக்குதா?" என்பார் இவர்.

அவருக்கு உயிரான கதை, எழுபத்திரண்டாம் ஆண்டு மியூனிக் நகர ஒலிம்பிக் பந்தயத்துக்காக மேற்கு ஜெர்மனி அடித்த பத்து மார்க் வெள்ளிக் காசு பற்றியது. "மொதல்ல 'ஜெர்மனியில்'னு எழுதி அடிச்சாங்க. கிழக்கு ஜெர்மனிக்காரன் உட்டானா? 'நாங்களும் ஜெர்மனிதான், நீ மட்டும் எப்படி மொத்தப் பேரையும் போட்டுக்குவ'னு தகராறு. அப்புறம் 'மியூனிக்கில்'னு மாத்தி அடிச்சாங்க."

"அண்ணே, காத்து அடிங்கண்ணே. வேங்கிக்கால் ஆபீசுக்கு லேட்டாவுது" என்பார் காத்திருக்கும் வாடிக்கையாளர்.

"இருய்யா. ரெண்டு நாடு அடிச்சிக்கினு இருக்குது, உனக்குக் காத்துதான் ஜாஸ்தியா போச்சா?"

இத்தனை பேசியவரிடம் 'மியூனிக்கில்' காசு இல்லை. 'ஜெர்மனியில்' மட்டும் இரண்டு இருந்தன. ஒன்று தேய்ந்தது, மற்றது கைபடாதது. ஆண்டுதோறும் தீபத்துக்கு வரும் ஜெர்மன் ஆசிரியர் ஒருவர், கைபடாததை வாங்கிக்கொண்டு, தொண்ணூறாம் ஆண்டு தீபத்துக்கு 'மியூனிக்கில்' காசைத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அண்ணன் நான்கு ஆண்டுகளாகக் காத்திருந்த பண்டமாற்று அது.

அந்த ஆண்டுதான் இரு ஜெர்மனிகளும் இணைந்தன. எங்கள் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் அதுவே தலைப்பு. எடுத்துக்காட்டு இல்லாமல் மேடை ஏறுவதில்லை என்ற செருக்குடன், மேடையில் காட்ட ஒரு காசு கேட்டு அண்ணனிடம் போய் நின்றேன். கைபடாத காசையே கொடுத்தார்.

"விளிம்புல பிடி. மூஞ்சிக்கு நேரா வெச்சிப் பேசாத, எச்சில் தெறிக்கும்."

தேய்க்காதே என்று மட்டும் அவர் சொல்லவில்லை. வீட்டைக் கொளுத்தாதே என்று விருந்தாளியிடம் எவரும் சொல்வதில்லை அல்லவா? காசு மங்கலாக இருந்தது. எங்கள் வீட்டில் வெள்ளி விளக்கு மங்கினால் திருநீறு போட்டுத் தேய்ப்பது வழக்கம். தேய்த்தேன். கடைசி வரிசை வரை மின்னியது. முதல் பரிசு எனக்கே.

திருப்பிக் கொடுத்தபோது பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். காசின் முகமெங்கும் மயிரிழைக் கீறல்கள்; இனி அது கைபடாத காசு இல்லை.

"இன்னாடா பண்ண?"

"திருநீறு போட்டு... பளிச்சுனு இருக்கட்டும்னு..."

காசை வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த டியூபுக்குக் காற்றடிக்கத் தொடங்கினார். அது வெடிக்கும் வரை நிறுத்தவில்லை.

தீபத்துக்கு ஆசிரியர் வந்தார். நானும் கடையில் இருந்தேன். காசை வெளிச்சத்தில் திருப்பியவர் முகம் சுருங்கியது. "ஹூ டிட் திஸ்?"

இரண்டு மணி நேரம் குறிப்பின்றிப் பேசக்கூடிய நான் ஒரு சைக்கிளுக்குப் பின்னால் ஒதுங்கினேன். காசைத் தொடும் ஈயைக்கூட விரட்டும் அண்ணன் முன்னே வந்தார்.

"மீ சார். ஐ ரப்பிங். ஹோலி ஆஷ்."

"உங்களைச் சேகரிப்பாளர் என்று நினைத்தேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தாம் கொண்டுவந்த 'மியூனிக்கில்' காசைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார் ஆசிரியர். அண்ணன் தலைகுனிந்தபடி அவருக்கு நல்ல சைக்கிளாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

ஆசிரியர் தெருமுனை திரும்பியதும் கேட்டேன்: "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"போடா. ஜெயிச்சிட்டு வந்த மூஞ்சி உன்னுது. அதை அந்த வாத்தியார் எதிர்ல தலைகுனிஞ்சி நிக்க வெச்சா எனக்குத் தாங்காது."

தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். காத்திருந்த நான்கு வாடிக்கையாளர்களும் திரும்பிப் பார்க்க, மேடைக் குரலிலேயே சொன்னேன்:

"அடுத்த தீபத்துக்கு அவர் வருவார்ல, பஸ் ஸ்டாண்டிலேயே போய் நிக்கிறேண்ணே. தேய்ச்சது நான்தான், எங்க அண்ணன் இல்லைன்னு, அவர் பாஷையையே கத்துக்கினு, அதுலயே சொல்றேன்."